யாருடைய குறிப்பு அது

கண்ணா,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று பல தடவை முயன்றேன். நான் ‘லேப்’ என்று ஆரம்பித்த உடனே நீ அங்கே பனி பெய்வதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாய். இல்லாவிட்டால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம், அதுவும் தமிழில். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடுவாய். இதை நீ வரிவரியாகப் படிக்க வேண்டும். நீ விமானம் ஏறிய பிறகு இங்கே என்ன நடந்தது என்பது இதில் இருக்கிறது. அப்பாவுக்கும் எனக்கும் கீழ் வீட்டு ஷிப்ராவுக்கும் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை.

இதில் எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். உன் பெயரை எழுதவே இல்லை. படித்துவிட்டு நீ சம்மதித்தால் இதை நம் கல்கத்தா தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். லேக் கார்டன்ஸிலும் டாலிகஞ்சிலும் இருக்கிற நம் வீடுகளில் உன் வேலையைச் செய்கிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுடைய அம்மாக்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கிச் சொல்கிறேன். சலித்துக்கொள்ளாதே.

நாம் இருவரும் ஒரே லைப்ரரியை, அதாவது யாரோ எழுதிவைத்து எல்லோரும் எடுத்துக்கொள்கிற நிரல் தொகுப்பை, பயன்படுத்தினோம் என்பது தற்செயல்தான். காலேஜ் ஸ்ட்ரீட்டில் நான் வேலை பார்க்கிற பதிப்பகத்தில் புத்தகப் பட்டியல்களை அச்சுக்குத் தயாரிக்க அதை வைத்திருந்தோம். சால்ட் லேக்கில் உன் கம்பெனி, ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிற மென்பொருளில் அதையே வைத்திருந்தது. தாளில் எது எங்கே வர வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல் என்கிற குறிமொழியில், கோண அடைப்புகளுக்குள் பெயர் பெயராக எழுதிவைத்தால் அது டெம்ப்ளேட். லைப்ரரி அதைப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய எலிமென்டைக் கூப்பிடும். அது தன் இடத்தில் வர வேண்டியதை எழுதும். லைப்ரரியோடு வருகிற எலிமென்டுகள் பொதுவான காரியங்களுக்கு. நமக்கென்று தனியாக ஒன்று வேண்டுமென்றால், நாமே ஒரு கிளாஸ், அதாவது அந்த வேலையைச் செய்கிற சின்ன நிரல், எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துப் பதிவுசெய்து செருகிக்கொள்ளலாம். அதைத்தான் ப்ளக்-இன் என்கிறோம். நான் புத்தக விலைக்கு ஒன்று எழுதியிருந்தேன். நீ டாக்டரின் குறிப்புக்கு ஒன்று எழுதினாய்.

அதை நீ எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சரோபர் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். லேப் டாக்டர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஏதாவது எழுதினால் அது ரிப்போர்ட்டின் அடியில் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் வர வேண்டும். எதுவும் எழுதாவிட்டால் வெற்றுக் கட்டம் தெரியக் கூடாது. குறிப்பு நீளமாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் நோயாளியின் பெயர் மேலே இருக்க வேண்டும். இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாய். “டாக்டர் சொன்னதை யாரும் தவறவிடக் கூடாது இல்லையாம்மா? அதுக்குத்தான் இவ்வளவும்,” என்றாய். படகுப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் உன்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நீ செய்தது கவனமில்லாத வேலை இல்லை. இந்தக் கடிதத்தில் மேற்கொண்டு என்ன படித்தாலும் இதை மறக்காதே.

அந்தக் குளிர்காலத்தில் ஷிப்ரா கீழ் வீட்டிலிருந்து மேலே வந்தாள். உன் ஷிப்ரா மாஷி எப்போதும் மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவள். அன்றைக்குச் சத்தமே இல்லை. கையில் ரிப்போர்ட். சும்மா வருடாந்தரப் பரிசோதனை என்று டாலிகஞ்ச் லேபில் ரத்தம் கொடுத்திருந்தாள். எண்களெல்லாம் சரியாக இருந்தன. அடியில் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில், வழக்கத்துக்கு மாறான செல்கள் தெரிகின்றன, ரத்தப் புற்றாக இருக்கலாம், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை உடனே தேவை என்று அச்சாகியிருந்தது.

“பௌதி, இதை நீங்க படிச்சுச் சொல்லுங்க. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?” என்று பெங்காலியில் கேட்டாள். அவளுக்கு நான் எப்போதும் பௌதி, அண்ணி. அவள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வேறொரு இடத்தில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அங்கே ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அவளுடைய குடும்ப டாக்டர், ஆரம்பத்தில் சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாது, ஒரு லேப் டாக்டர் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது அலட்சியம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். கல்கத்தாவில் இப்படி ஒரு பேச்சு வந்துவிட்டால் அடுத்த சொல் வேலூர் ஆஸ்பத்திரி என்பது உனக்குத் தெரியும். ஷிப்ராவின் கணவர் போனதிலிருந்து அவளுக்குக் கூட வர ஆளில்லை. மகள் கௌஹாத்தியில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். “பௌதி, உங்களுக்கு அந்த ஊர் பாஷை தெரியுமே,” என்றாள். நான் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். உனக்கு அப்போது விசா நேர்காணல். ஹவுரா ஸ்டேஷன் வரைக்கும் வந்து அவளுடைய பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, “மாஷி, ஒண்ணும் இருக்காது, பாருங்க,” என்று சொன்னாய்.

வேலூரில் லாட்ஜ் முழுக்க பெங்காலிகள். ஓட்டலில் மீன் குழம்பு கேட்டால் நம் ஊர் ருசியில் கிடைக்கிறது. கடைக்காரர்கள் பெங்காலியில் விலை சொல்கிறார்கள். பாஷைக்காக என்னை அழைத்துப் போகவே வேண்டியதில்லை. என் தமிழைக் கேட்டு ஒரு நர்ஸ், “நீங்க எந்த ஊரும்மா? ரேடியோல பேசற மாதிரி பேசறீங்க,” என்று சிரித்தாள். அப்போதுதான் ஷிப்ராவும் சிரித்தாள், கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக. மஜ்ஜை எடுத்த அன்று அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த பிடியில் வளையல் வளைந்துபோய்விட்டது. முடிவு வர நாளானது. அந்த நாட்களில் அவள் தன் மகளுக்கு எந்தப் புடவை, வீட்டு மாடியை யாருக்கு வாடகைக்கு விடுவது, சிராத்தத்துக்கு யாரைக் கூப்பிடக் கூடாது என்றெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு ‘சரி, சரி’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்த டாக்டர், வயதில் உன்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம், எங்களை உட்காரவைத்து, “அம்மா, இவங்களுக்கு ஒரு வியாதியும் கிடையாது. அந்த ரிப்போர்ட் எப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரியலை. தைரியமா ஊருக்குப் போங்க,” என்றார். நான் பெங்காலியில் சொல்வதற்கு முன்னாலேயே ஷிப்ரா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இதெல்லாம் உனக்குத் தெரியும். போனில் சொன்னபோது நீயும் அழுதாய்.

உனக்குத் தெரியாதது திரும்பி வருகிற ரயிலில் நடந்தது. ஒடிசாவைத் தாண்டிக்கொண்டிருந்தோம். ஷிப்ரா நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கேட்டாள்: “பௌதி, அது என்னோடது இல்லேன்னா, யாரோடது?”

“எது?” என்றேன்.

“அந்தக் குறிப்பு. யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒருத்தரோட ரத்தத்தைப் பார்த்துத்தானே எழுதியிருக்கணும்? மெஷின் தானா அப்படி எழுதாதே. அப்போ அந்த ஆள் எங்கே?”

எனக்கு என் பதிப்பகத்து வேலை ஞாபகம் வந்தது. என் பட்டியலில் ஒரு தடவை, விலை குறிக்காத ஒரு புத்தகத்துக்கு அதற்கு முந்தைய புத்தகத்தின் விலை அச்சாகிவிட்டது. விற்பனைப் பிரிவில் சிரித்தார்கள், நான் திருத்தினேன், அதோடு போயிற்று. அதைத் திருத்தும்போதுதான் லைப்ரரியின் கையேட்டில் இருந்த ஒரு வரியைக் கவனித்தேன்: டெம்ப்ளேட்டை முதல் தடவை படிக்கும்போதே ஒவ்வொரு எலிமென்டும் ஒரே ஒரு பொருளாக உருவாகிவிடும், பிறகு எத்தனை தாள் அடித்தாலும் அதே பொருள்தான் வேலை செய்யும், ஆகவே ஒரு தாளுக்கு உரியதை எலிமென்டுக்குள் வைக்காதே, அந்தத் தாளோடு வருகிற சூழல் பையில் வை. ரயில் ஓடிக்கொண்டிருந்தது. டாலிகஞ்ச் லேப் வைத்திருந்ததும் உன் கம்பெனி மென்பொருள்தான். எனக்கு நம் சரோபர் நடையும், நீ கையை ஆட்டிப் பேசியதும் நினைவுக்கு வந்தன.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் அந்த கிளாஸைக் காட்டச் சொன்னேன். நீ லேப்டாப்பைத் திறந்தாய். நாம் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். குறிப்பு இருந்தால் அதை எலிமென்டுக்குள்ளேயே ஒரு மாறியில், மதிப்பைப் போட்டு வைக்கிற சின்னப் பெட்டியில், எடுத்து வைத்திருந்தாய். இல்லாவிட்டால் எதையும் தொடவில்லை. கட்டத்தை அச்சிட்டு முடித்ததும் அந்த மாறியைக் காலி செய்திருந்தாய், அடுத்தவருக்குப் போய்விடக் கூடாது என்றுதான். ஒருவர் பின் ஒருவராக வந்தால் அது போதும். ஆனால் லேபுக்கு டாலிகஞ்சில் ஒரு கவுண்டர், ஹவுராவில் ஒரு கவுண்டர். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் கேட்டால், ஒரே எலிமென்ட் இரண்டு தாளுக்கும் நடுவில் நிற்கிறது. ஒருவருடைய குறிப்பு உள்ளே இருக்கும்போது, குறிப்பே இல்லாத இன்னொருவரின் தாள் வந்து அதை எடுத்து அச்சிட்டுக்கொண்டு, காலியும் செய்துவிட்டுப் போகிறது. முதல் ஆளின் தாள் தன் கட்டத்துக்கு வரும்போது அங்கே ஒன்றும் இல்லை. வெற்றுக் கட்டம் தெரியக் கூடாது என்றும் நீதான் எழுதியிருந்தாய். அதனால் தாள் சுத்தமாக, எந்தச் சந்தேகமும் வராதபடி அச்சாகும்.

உன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அரை மணி நேரத்தில் திருத்திவிட்டாய். மாறியை எலிமென்டிலிருந்து எடுத்து, தாளோடு வருகிற பையில் வைத்தாய். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் தாள் அடித்துப் பார்த்து, ஒன்றும் கலக்கவில்லை என்று காட்டினாய். கம்பெனித் தலைவரிடம் பேசினாய். அவர் திருத்தத்தை ஏற்றிவிடு, லேபிடம் எதுவும் சொல்லாதே, சாதாரணப் பராமரிப்பு என்று போட்டுவிடு என்றார். அதன் பிறகு நமக்குள் நடந்த பேச்சு உனக்கு நினைவிருக்கும். ஆனாலும் எழுதுகிறேன்.

“சரி பண்ணியாச்சும்மா. இனிமே வராது,” என்றாய்.

“இனிமே அடிக்கிற தாளுக்கு வராது. ஏற்கெனவே அடிச்சுக் கொடுத்தது?”

“எத்தனை பேர்னு யாருக்குத் தெரியும்? ஷிப்ரா மாஷி ஒருத்தரா இருக்கலாம்.”

“மாஷியோட தாள்ல வந்த குறிப்பு வானத்திலேருந்தா வந்துச்சு?”

நீ எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாய். அப்பா என்னைத்தான் கடிந்துகொண்டார். “புது வேலை, விசா எல்லாம் கைக்கு வந்த நேரம். இப்ப எதுக்கு அவனை இழுக்கறே? லேப்காரங்க பாத்துக்குவாங்க,” என்றார். லேப்காரர்களுக்கே தெரியாதபோது எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்டேன். அடுத்த வாரம் நீ கிளம்பினாய். விமான நிலையத்தில் காலைத் தொட்டு வணங்கினாய், முகத்தைப் பார்க்கவில்லை. உன்னை நான் கோழை என்று நினைக்கவில்லை. நீ பயந்துபோயிருந்தாய். பயந்தவனை அந்த நேரத்தில் இன்னும் அழுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என்னால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

நீ போனதற்கு அடுத்த திங்கட்கிழமை ஷிப்ராவும் நானும் லேபுக்குப் போனோம். அதற்கு முன்னால் ஷிப்ராவிடம் சொல்ல வேண்டியிருந்தது, அந்த எலிமென்டை எழுதியது நீ என்று. நீ அவள் மடியில் உட்கார்ந்து மூரிப் பொரி சாப்பிட்டு வளர்ந்தவன். “அவனுக்குத் தெரியுமா?” என்றுதான் முதலில் கேட்டாள். தெரியும் என்றேன். “தெரிஞ்சுதானா அன்னிக்கு ஸ்டேஷன்ல என் பெட்டியைத் தூக்கினான்?” “இல்லை, அப்போ தெரியாது. நாம திரும்பி வந்தப்புறம்தான்.” அவள் மூச்சு விட்டாள். “அப்போ சரி. வாங்க போகலாம்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் உன்னிடம் இன்னும் பேசவில்லை என்பதற்காக நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

லேப் டாக்டர் ஐம்பது வயதுக்காரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிறவள். முதலில் அவள் நம்பவில்லை. “எங்க சிஸ்டத்திலே அப்படி நடக்காது,” என்றாள். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இரண்டு கவுண்டர் வரைந்து, நடுவில் ஒரு பெட்டி வரைந்து, குறிப்பு எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் என்று காட்டினேன். அவள் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். ஷிப்ராவின் பரிசோதனை நடந்த நாளைத் தேடினாள். டாக்டர் தட்டச்சு செய்த குறிப்புகள் கம்ப்யூட்டரில் சரியாகவே இருந்தன. தாளில் மட்டும்தான் கலந்திருந்தது. ஷிப்ராவின் பெயருக்கு எதிரே குறிப்பு இல்லை. அதே குறிப்பு, அதே சொற்களோடு, ஹவுரா கவுண்டரில் ரத்தம் கொடுத்த வேறொரு பெண்ணின் பெயருக்கு எதிரே இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த தாளின் நகலைத் திறந்தாள். அடிப்பகுதி சுத்தமாக இருந்தது.

“நான் எழுதினேன்,” என்றாள் டாக்டர். “என் கண்ணால பார்த்து எழுதினேன். உடனேன்னு கூடப் போட்டேன். பேப்பர்ல இல்லையா?” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஷிப்ரா அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலைக்குள் டாக்டர் தன் ஆட்களை உட்காரவைத்து, உன் எலிமென்ட் ஓடிய காலத்து ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட ஆரம்பித்துவிட்டாள். கலந்தவை சிலதான். பெரும்பாலும் இரும்புச்சத்து குறைவு, மாதிரி உறைந்துவிட்டது, மறுபடி எடுக்கவும் என்பது போன்றவை. அவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். கனமானது அந்த ஒன்றுதான்.

அந்தப் பெண்ணை இங்கே ரீனா என்று சொல்கிறேன். ஹவுராவில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். நாற்பதைத் தாண்டியிருப்பாள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். களைப்பாக இருக்கிறது என்றுதான் ரத்தம் கொடுத்திருக்கிறாள். சுத்தமான ரிப்போர்ட் வந்ததும் வேலைப்பளு என்று நினைத்து டானிக் குடித்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். லேப் டாக்டரே நேரில் போய்ச் சொல்லி, ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு செய்தாள். மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். எவ்வளவு நன்றாக என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். நிச்சயமாக ஒரு பதில் கிடைத்தால் தேவலை என்று இருந்தது. கிடைக்கவில்லை. இனியும் கிடைக்காது என்று நினைக்கிறேன். உன்னிடம் சொல்வதில் எனக்கு இதுதான் கஷ்டமான இடம்.

உன் பழைய கம்பெனியிலிருந்து வக்கீல் மூலமாக லேபுக்கு ஏதோ பதில் வந்தது. லேப் அவர்களை விட்டுவிட்டு வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டது. அது அவர்கள் பாடு. ரீனா மட்டும் லேப் டாக்டரிடம், இதைக் கண்டுபிடித்தது யாரோ அவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

நான் தனியாகப் போகத்தான் நினைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஹவுரா போக பாபுகாட் படித்துறையில் படகு ஏறினோம். ஆற்றில் நல்ல காற்று. அக்கரை நெருங்கும்போது அப்பா, “அவன்தான் எழுதினான்னு சொல்லப் போறியா?” என்று கேட்டார். “கேட்டா சொல்லுவேன்,” என்றேன். தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்து, “கேக்காட்டாலும் சொல்லிடு. பாதி சொல்லிட்டு வந்தா நம்மளால வீட்டுல உக்கார முடியாது,” என்றார். உன் அப்பா இவ்வளவு மாறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ போன பிறகு அவரும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரீனா தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் குரல் கணீரென்று டீச்சர் குரல். மகள் எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் ரீனாவிடம் லேபில் வரைந்தது போலவே வரைந்து சொன்னேன். அவள் நிறையக் கேள்வி கேட்டாள். எலிமென்ட் என்றால் என்ன, அதை யார் வேண்டுமானாலும் எழுதலாமா, எழுதியதை யாரும் சரிபார்க்க மாட்டார்களா. யார் வேண்டுமானாலும் எழுதிச் செருகலாம் என்பதுதான் அதன் சௌகரியம் என்று சொன்னபோது, எனக்கே அந்தச் சொல் வாயில் கசந்தது.

பிறகு அவள் கேட்டாள். “எழுதினது யாரு?”

“என் மகன்,” என்றேன்.

அந்தப் பெண் குழந்தை என்னைப் பார்த்த பார்வையை நான் உனக்கு விவரிக்கப் போவதில்லை. அப்பா எழுந்து கையைக் கூப்பினார். ரீனா அவரை உட்காரச் சொன்னாள். “நீங்க ஏன் கும்பிடறீங்க? நீங்க எழுதலையே,” என்றாள். “அவன் எங்கே?”

ஜெர்மனியில் என்று சொன்னேன். தெரிந்துதான் போனானா என்று கேட்டாள். கலந்திருக்கிறது என்று தெரியும், யாருடையது என்று தெரியாது, உங்களைப் பற்றி இன்னும் தெரியாது என்று சொன்னேன். உனக்காக அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பா, கோபமா என்று தெரியவில்லை. பிறகு சொன்னாள்: “எனக்கு அவன் மன்னிப்பு வேண்டாம். அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எனக்கு இது எப்படி ஆச்சுன்னு அவன் வாயால கேக்கணும். நீங்க படம் போட்டுச் சொன்னது புரிஞ்சுது. ஆனா அவன் அதை எழுதினப்ப என்ன நினைச்சான், அது எனக்குத் தெரியணும். அவன் நம்பரைக் கொடுங்க.”

கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். அதற்காக நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

இந்த வேலையையே விட்டுவிடப் போகிறேன் என்று போன மாதம் அப்பாவிடம் சொன்னாயாம். விடாதே. நீ விட்டால், இதெல்லாம் தெரியாத இன்னொருவன் உன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து அதே மாதிரி ஒரு கிளாஸ் எழுதுவான். நீ இனிமேல் எதை எழுதினாலும், அது ஒரே சமயத்தில் இரண்டு பேர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்காமல் விடமாட்டாய். அந்தப் பயம் உனக்குத் தேவையானதுதான். ஆனால் பயத்தோடு உட்கார்ந்து வேலை செய்யப் பழகு. நானும் இங்கே அப்படித்தான் என் விலை எலிமென்டைத் திறந்து பார்க்கிறேன். அந்த லைப்ரரிக்காரர்களுக்கு எழுதி, கையேட்டின் உள்ளே எங்கேயோ இருக்கும் அந்த வரியை முதல் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு என்ன நடந்தது என்றும் எழுதினேன். உன்னால் முடிந்தால், யாராவது ஒரு தாளுக்கு உரியதை எலிமென்டுக்குள் வைத்தால் லைப்ரரியே எச்சரிக்கிற மாதிரி ஏதாவது செய்து அவர்களுக்கு அனுப்பு. அது ரீனாவுக்கு எந்த விதத்திலும் ஈடாகாது. ஈடு என்று நினைத்துக்கொண்டு செய்யாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மருந்து ஏற்றிய அசதி கொஞ்சம் தெளிந்ததும், ரீனா உன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு அது மத்தியானமாக இருக்கும். இந்திய எண்ணாக வரும். உனக்குத் தெரியாத எண். அவள் என்ன கேட்பாள், நீ என்ன சொல்வாய் என்று யோசித்து யோசித்து என் தலை வலிக்கிறது. அவள் கத்தலாம். அழலாம். ஒன்றுமே பேசாமலும் இருக்கலாம். நீ மீட்டிங் என்று சொல்லாதே.

இன்னொன்று. அவள் எல்லாவற்றையும் கேட்டாள், உன் பெயரை மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை எடுத்ததும் முதலில் அதைச் சொல்.

அம்மா